லூயி த ஃபுனெஸ்: வெறும் முகச்சேஷ்டைதானா?

டூரிங்டாக்கீஸ் · 3 பிப்ரவரி 2024, இரவு 10.12

பிரெஞ்சுக்காரர்கள் கோயில் கட்டாத குறையாகக் கொண்டாடும் நகைச்சுவை நடிகர் லூயி த ஃபுனெஸ் படம் இரண்டு பார்த்தாச்சு. கத்துகிறார், குதிக்கிறார், மூக்கைச் சுருக்குகிறார், பக்கத்தில் நிற்பவனை அடிக்கிறார். படம் முழுக்க இதேதான். இதில் நடிப்பு எங்கே இருக்கு? யூடியூபில் பார்த்தேன், ஆங்கில டப்பிங்.

கடைசிவரிசை · 3 பிப்ரவரி, 10.50

எந்த இரண்டு? படம் சதுரமாகத் தெரிந்ததா, மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருந்ததா?

டூரிங்டாக்கீஸ் · 3 பிப்ரவரி, 10.58

செந்த்ரொபே போலீஸ் படம் ஒன்று, உலகப்போர் படம் ஒன்று. சதுரம்தான். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

கடைசிவரிசை · 4 பிப்ரவரி, காலை 7.30

நிறைய. நீங்கள் சொல்வது 1964-இல் வந்த "லெ ழாந்தார்ம் த செந்த்ரொபே", 1966-இல் வந்த "லா கிராந்த் வத்ரூய்". இரண்டும் அகலத்திரைப் படங்கள். உயரம் 1 என்றால் அகலம் 2.35. பழைய டிவியின் கணக்கு 1.33. உயரத்தை அப்படியே வைத்து இரண்டு பக்கமும் வெட்டினால் படத்தில் 43 சதவீதம் காலி. வெட்டுகிறவர் யாரை மிச்சம் வைப்பார்? கத்துகிறவரைத்தான். ஓரமாக வாயே திறக்காமல் நிற்கிற ஆள் போய்விடுவார். கோபம் யார்மேல், எதுக்கு என்று தெரியாமல் ஒரு குட்டை மனிதர் தனியாக ஆடுகிற மாதிரி ஆகிவிடும். உங்களுக்கு எரிச்சல் வந்ததில் ஆச்சரியமே இல்லை.

முதலில் நல்ல பிரதி. ழாந்தார்ம் படத்துக்கு ஒரு சுலபமான சோதனை: ஆரம்பம் மலைக்கிராமத்தில், கறுப்பு வெள்ளையில் இருக்கணும். கதை கடற்கரைக்கு வந்ததும்தான் வண்ணம். எடுத்த எடுப்பிலேயே வண்ணமாக ஓடினால் யாரோ கை வைத்த பிரதி.

கடைசிவரிசை · 4 பிப்ரவரி, காலை 8.05

டப்பிங் பற்றிச் சொல்ல மறந்தேன். "வத்ரூய்" படத்தில் துருக்கிக் குளியல் காட்சி ஞாபகம் இருக்கா? ஆங்கிலேய விமானியைத் தேடி த ஃபுனெஸும் கூட நடித்த பூர்வில்லும் தனித்தனியாக அங்கே வருகிறார்கள். அடையாளம் ஒரு பாட்டின் சீட்டி. ஆவிக்குள் ஒருவரை ஒருவர் ஆங்கிலேயர் என்று நம்பி, இரண்டு பிரெஞ்சுக்காரர்களும் ஓட்டை ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறார்கள். எல்லாரும் ஆங்கிலமே பேசுகிற டப்பிங்கில் அந்த நகைச்சுவைக்கு என்ன வேலை? பிரெஞ்சு ஒலி, கீழே எழுத்து. வேற வழியில்லை.

இன்னொன்று, இவர் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் போடும் சத்தங்கள்: முனகல், சீட்டி, "ட்ச்", மூச்சை இழுப்பது. வசனம் எழுதினவர் எழுதாதது. டப்பிங்காரர் வசனத்தைப் பேசிவிட்டுப் போய்விடுவார். த ஃபுனெஸே ஆரம்பத்தில் டப்பிங் வேலை பார்த்தவர். இத்தாலிய நகைச்சுவை நடிகர் டோட்டோவுக்குப் பிரெஞ்சில் குரல் கொடுத்திருக்கிறார்.

ரீல்பெட்டி · 4 பிப்ரவரி, மதியம் 1.20

கேட்டது நடிப்பு எங்கே என்று. பிரதி, ஒலி, திரை அகலம் என்று சுற்றி வளைத்துக்கொண்டே இருந்தால் எப்படி?

கடைசிவரிசை · 4 பிப்ரவரி, இரவு 9.15

சரி, நேராகவே வருகிறேன். அவர் நடிப்பு கோபத்தில் இல்லை. ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குத் திரும்புகிற இடத்தில் இருக்கு. முகச்சேஷ்டை என்று நீங்கள் பார்ப்பது அந்தத் திருப்பத்தின் மிச்சம்.

ழாந்தார்ம் படத்தில் க்ருஷோ என்கிற அந்தப் போலீஸ்காரருக்குக் கீழே நாலு பேர், மேலே ஒருவர். மேலே இருப்பவர் மிஷெல் கலாப்ரு. கீழே இருப்பவர்களிடம் பல்லைக் காட்டிக் குரைப்பார். கலாப்ரு உள்ளே வந்தால் முதுகு வளையும், முகவாய் உள்ளே போகும், தொண்டை மெலியும். சுத்தமான கூழைக்கும்பிடு. கலாப்ரு திரும்பின நொடியே பழையபடி குரைப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் அரை நொடிகூட இல்லை. ஆனால் அந்த இடைவெளியில் மூன்று வேலை நடக்கும்: கண் முதலில் போகும், தோள் அடுத்து, வாய் கடைசி. வாய் இன்னும் பழைய திட்டை முடித்துக்கொண்டிருக்கும்போதே கண் புது ஆளுக்குச் சலாம் போட்டாச்சு.

பெரும்பாலான நகைச்சுவை நடிகர்கள் மூன்றையும் சேர்த்து மாற்றுவார்கள். அதனால் சட்டை மாற்றின மாதிரி இருக்கும். இவரிடம் கியர் மாறுவது தெரியும்.

சத்தத்தை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம், காலைப் பாருங்கள். 1.64 மீட்டர்தான் உயரம். கோபம் ஏறும்போது குதிகால் எழும்பும், பயம் வந்தால் முட்டி மடங்கும். யார் பெரியவன், யார் சின்னவன் என்பதைக் காலே சொல்லிவிடும்.

கடைசிவரிசை · 5 பிப்ரவரி, காலை 6.50

இதுக்கு ஆதாரமாக ஒரு பழைய படம். 1956, "லா த்ராவெர்ஸே த பாரி". ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த பாரிஸில் ராத்திரியோடு ராத்திரியாக 100 கிலோ பன்றிக்கறியை நாலு பெட்டியில் அடைத்து ஊரின் குறுக்கே தூக்கிப் போகிற கதை. பூர்வில்லும் ழான் காபெனும் நாயகர்கள். த ஃபுனெஸ் கறியை விற்கும் கள்ளச்சந்தை மளிகைக்காரர் ழாம்பியே. மொத்தமே சில நிமிடம்.

நிலவறையில் கூலி பேரம். காபென் வேண்டுமென்றே குரலை உயர்த்தி அந்த ஆளின் பெயரையும் தெரு விலாசத்தையும் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திக் கத்திப் பணம் கேட்கிறார். ஒவ்வொரு கத்தலுக்கும் ழாம்பியே ஒரு சுற்றுச் சின்னதாகிறார். கை காற்றை அமுக்குகிறது, சத்தத்தையே கீழே தள்ளிவிடலாம் என்கிற மாதிரி. பணத்தை எண்ணும்போது விரல் அவசரப்படுகிறது, மனசு வரவில்லை. இங்கே அவர் கத்தவே இல்லை. கத்துவது எதிராளி. நமக்குச் சிரிப்பு வருவது அடங்கிப் போகிறவரைப் பார்த்து. எட்டு வருஷம் கழித்து அந்த இருவரையும் ஒரே உடம்பில் போட்டதுதான் க்ருஷோ.

டூரிங்டாக்கீஸ் · 5 பிப்ரவரி, மாலை 6.30

எட்டு வருஷமா? 1956-இலேயே காபெனோடு நடித்தவர் 1964 வரை என்ன செய்தார்?

கடைசிவரிசை · 5 பிப்ரவரி, இரவு 10.05

வேலை செய்தார். அவர் வாழ்க்கையில் பாதி அதுதான்.

பிறந்தது 31 ஜூலை 1914, பாரிஸை ஒட்டிய கூர்ப்வுவாவில். பெற்றோர் ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள். அப்பா அங்கே வக்கீல், இங்கே அந்தத் தொழில் செய்ய முடியாமல் வைர வியாபாரம். அம்மாவின் கோபம்தான் தன் முதல் பாடசாலை என்பது அவரே ஒத்துக்கொண்ட விஷயம். தோல் உடை தைக்கும் கடை, கடை ஜன்னல் அலங்காரம் என்று பல வேலை பார்த்து எதிலும் நிலைக்கவில்லை. கடைசியில் பிகால் பகுதி மதுக்கூடங்களில் ராத்திரி முழுக்கப் பியானோ. ஜாஸ். அந்த நேரக்கணக்கு உடம்பிலேயே தங்கிவிட்டது. அவர் கோபத்தைத் தாளமாகக் கேட்டுப் பாருங்கள்: மூன்று சின்ன அடி, ஒரு நிறுத்தம், ஒரு பெரிய அடி. நிறுத்தம் இல்லாமல் அவர் கத்துவது அபூர்வம்.

சினிமாவில் முதல் முகம் 1945. வாசலில் நிற்கும் ஆள் வேடம். பிறகு இருபது வருஷம் சர்வர், டாக்டர், பக்கத்து வீட்டுக்காரர், போலீஸ். மொத்தம் 140 படத்துக்கு மேல், அதில் பெரும்பகுதி இந்தக் காலத்தில்தான். முதலிடத்துக்கு வந்தபோது வயசு 50.

ரீல்பெட்டி · 6 பிப்ரவரி, காலை 9.00

மேடையை விட்டுவிட்டீர்களே. ரொபேர் தேரியின் ப்ராங்கினோல் நகைச்சுவை மேடைக் குழு, அப்புறம் "ஒஸ்கார்" நாடகம். அது இல்லாமல் 1964 இல்லை.

கடைசிவரிசை · 6 பிப்ரவரி, இரவு 8.40

ஒத்துக்கொள்கிறேன். "ஒஸ்கார்" க்ளோத் மாஞியே எழுதியது. 1958-இல் முதலில் ஆடியது பியேர் மோந்தியும் இளம் பெல்மோந்தோவும். த ஃபுனெஸ் அடுத்த வருஷம் ஊர் ஊராகப் போன குழுவில் சேர்ந்தார், 1961-இல் பாரிஸ் மேடை, 1967-இல் படம், 1970களின் தொடக்கத்தில் மறுபடி மேடை. ஒரே வேடத்தைப் பத்து வருஷத்துக்கு மேல் உரசிக்கொண்டே இருந்தார்.

ஒரே வீடு, ஒரே நாள். ஒரே மாதிரி மூன்று பெட்டி: பணம், நகை, வேலைக்காரியின் உள்ளாடை. எந்தப் பெட்டி யார் கையில் என்பதுதான் கதை. படம் பாதி தாண்டினதும் ஒரு தனி ஆட்டம்: மூக்கைப் பிடித்து இழுக்கிறார், மூக்கு நீள்கிறது (நீள்வதாக நாம் நம்புகிறோம்), நீண்ட மூக்கை வயலின் ஆக்கி வாசிக்கிறார். கையில் ஒன்றும் இல்லை. எழுதிக் கொடுத்தால் எந்த இயக்குநரும் தூக்கி எறிவார். மேடையில் ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் சேர்த்து, சிரிப்பு விழாததை வெட்டி, அளந்து வைத்திருந்ததால் படத்தில் அப்படியே நின்றது.

கடைசிவரிசை · 7 பிப்ரவரி, இரவு 11.30

பூர்வில் பற்றி. இது நீளும்.

1965, "லெ கொர்னியோ". இயக்கம் ஜெரார் ஊரி. தலைப்புக்கு ஏமாளி என்று பொருள். படம் தொடங்கிச் சில நிமிடத்தில் பூர்வில்லின் சின்ன சித்ரோன் 2சிவியில் த ஃபுனெஸின் பெரிய ஆங்கிலேயக் கார் மோதுகிறது. 2சிவி நசுங்காது. அக்கக்காகக் கழன்று தரையில் விழும். பூர்வில் கையில் ஸ்டியரிங்கோடு நடுவில் உட்கார்ந்திருப்பார்.

செய்தவர் சாகசக் கலைஞர் ழில் தெலாமார். காரைச் சுமார் 250 துண்டாக வெட்டி, மறுபடி கோத்து, வெடிக்கும் போல்ட்டால் பூட்டினார்கள். வண்டி நொறுங்குவதற்கு முன் நம்பும்படி ஓடி வரணும், அதனால் பூட்டு தளரக் கூடாது. மோதினதும் எல்லாம் ஒரே நொடியில் விடணும். ஒரு கதவு மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றால் நகைச்சுவை விபத்தாகிவிடும். தெலாமார் அடுத்த வருஷமே வேறொரு படப்பிடிப்பில் கார் விபத்தில் இறந்தார்.

இந்தக் காட்சியில் சிரிப்பு முழுக்க பூர்வில்லுக்கு. த ஃபுனெஸுக்கு அது தெரியும். அந்தப் படத்தில் இருவரும் சேர்ந்து வரும் காட்சி குறைவு, பெரிய நட்சத்திரம் பூர்வில். த ஃபுனெஸ் தன் பங்கை எண்ணிப் பார்த்து ஊரியிடம் முறையிட்டார். அதுக்குப் பரிகாரமாகச் சேர்ந்ததுதான் குளியலறைக் காட்சி. ஒல்லிக் கை கால்களோடு இவர் சோப்புப் போட்டுக்கொண்டு நிற்க, பக்கத்தில் மல்யுத்த வீரர் ரொபேர் துய்ராந்தோன் தசையை முறுக்குகிறார். இவரும் தன் கையை முறுக்கிப் பார்க்கிறார். ஒரு வார்த்தை இல்லை. குறை சொல்லி வாங்கின காட்சிதான் கடைசியில் எல்லாருக்கும் ஞாபகம் இருப்பது. சண்டை போடுவதிலும் டைமிங் வேணும்!

அடுத்த வருஷம் "வத்ரூய்" எடுத்தபோது ஊரி இருவரையும் பிரிக்கவே இல்லை. சுவரிலிருந்து இறங்கும்போது த ஃபுனெஸ் பூர்வில்லின் தோளில் விழுகிறார், இறங்காமல் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். எழுதப்படாதது, அந்த இடத்தில் பிறந்தது. சுவரொட்டியிலேயே போட்டார்கள். அழுத்தத்தில் இருக்கும் மேல்தட்டு இசை நடத்துநர், பொறுமையான பெயிண்டர். பெயிண்டர் தோளில் நடத்துநர். படத்தின் கதைச்சுருக்கமே அந்த ஒரு படம்தான்.

டூரிங்டாக்கீஸ் · 8 பிப்ரவரி, காலை 7.15

இசைக்குழுக் காட்சியில் அவர் உண்மையிலேயே நடத்துகிறாரா, சும்மா கையை ஆட்டுகிறாரா?

கடைசிவரிசை · 8 பிப்ரவரி, காலை 7.40

தயார் பண்ணிக்கொண்டு வந்தவர். பாரிஸ் ஓப்பராவில் பெர்லியோஸின் ஹங்கேரிய அணிவகுப்பு. நடத்துநர் ரொபேர் பென்ஸியிடம் பயிற்சி எடுத்தார். இடது கையைக் கவனியுங்கள். வலது கை தாளம் போட, இடது கை ஒரு வாத்தியக்காரரை அடக்கி, இன்னொருவரை அழைக்கிறது. சும்மா ஆட்டுகிறவர்களுக்கு இரண்டு கையும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி ஒன்றாகவே போகும்.

ரீல்பெட்டி · 8 பிப்ரவரி, இரவு 9.00

வசூல் கணக்கும் போடுங்கள். "வத்ரூய்" 1.7 கோடி டிக்கெட்டுக்கு மேல். அன்றைக்கு பிரான்ஸ் ஜனத்தொகை 5 கோடிகூட இல்லை. 2008 வரை அந்தச் சாதனையை யாரும் தொடவில்லை.

கடைசிவரிசை · 8 பிப்ரவரி, இரவு 9.12

தொட்டார்கள். 1998-இலேயே "டைட்டானிக்" தாண்டிவிட்டது. 2008 வரை நின்றது பிரெஞ்சுப் படங்களுக்குள் முதலிடம்.

ரீல்பெட்டி · 8 பிப்ரவரி, இரவு 9.20

சரி சரி. அப்படியானால் நானும் ஒன்று பிடிக்கிறேன். க்ருஷோவுக்குக் கீழே நாலு பேர், மேலே ஒருவர் என்று எழுதினீர்கள். வீட்டில் ஒரு மேலதிகாரி உண்டே! க்ளோத் ழான்ஸாக், ஆறு படத்திலும் மனைவி.

கடைசிவரிசை · 9 பிப்ரவரி, காலை 6.30

பாதி சரி. முதல் இரண்டு படத்தில் (1964, 1965) க்ருஷோ மனைவியை இழந்தவர், ஒரு மகள் உண்டு. ழான்ஸாக் வருவது மூன்றாவதில், 1968-இல், கல்யாணம் அப்போதுதான். 1979-இல் வந்த ஐந்தாவதில் அதே மனைவி வேடத்தில் மரியா மோபான். 1982-இல் ஆறாவதுக்கு ழான்ஸாக் திரும்பினார். அதாவது ஆறில் மூன்று.

ஆனால் உங்கள் விஷயம் சரி, நான் எழுதினது குறை. "மா பிஷ்", என் மான்குட்டி, என்று அவளை அழைக்கும்போது வருவது மூன்றாவது முகம். கூழைக்கும்பிடும் இல்லை, குரைப்பும் இல்லை. உண்மையாகவே பிரியம், கொஞ்சம் பயம். இரண்டு முகம் என்று நான் வைத்த கணக்கில் இதுக்கு இடமில்லை.

கடைசிவரிசை · 10 பிப்ரவரி, இரவு 10.45

பூர்வில் 23 செப்டம்பர் 1970-இல் போய்விட்டார். அடுத்த ஊரி படமான "லா ஃபோலி தே கிராந்தர்" (1971) அவருக்காக எழுதினது. அந்த வேலைக்காரர் வேடத்தில் இவ் மோந்தானைப் போடச் சொன்னது மோந்தானின் மனைவி, நடிகை சிமோன் சின்யொரே. மோந்தான் துறுதுறு. பூர்வில் என்றால் அடி வாங்கிச் சும்மா இருப்பார், மோந்தான் திருப்பி யோசிக்கிறார். அதனால் த ஃபுனெஸ் ஏமாற்றப்படும் எஜமானராகிறார். கெட்டது என்று சொல்ல மாட்டேன். வேற ஜாதி நகைச்சுவை.

1973, "ரபி ழாகோப்". யூதர்களைக் கண்டால் முகம் சுளிக்கிற தொழிலதிபர் தானே ரபி (யூத மதகுரு) வேஷம் போட வேண்டி வருகிறது. தன் டிரைவர் சாலமோன் யூதர் என்று தெரியவரும் இடத்தை ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கேள்வி கேட்கும் முகத்தில் அதிர்ச்சி, அருவருப்பு, "பரவாயில்லை, உன்னை வைத்துக்கொள்கிறேன்" என்கிற தர்மப்பிரபு பாவனை, எல்லாம் ஒரே வாக்கியத்துக்குள். அதே உடம்பு பிறகு தெருவில் யூத நடனம் ஆடும்போது ஒரு அடிகூடத் தப்பாது. நடனம் அமைத்தவர் இலான் ஸாவுயி.

கடைசிவரிசை · 12 பிப்ரவரி, காலை 7.00

டூரிங்டாக்கீஸ் கேட்ட கேள்விக்கு உண்மையான பரீட்சை 1975-க்குப் பிறகுதான். மார்ச் 21 அன்று மாரடைப்பு, மார்ச் 30 அன்று மறுபடி. அப்போது மேடையில் ஒரு நாடகம் ஓடிக்கொண்டிருந்தது, நின்றது. ஊரியின் அடுத்த படமும் கைவிடப்பட்டது. லுவார் நதிக்கரையில் லெ செலியே ஊரில், மனைவி வழிச் சொந்தக்காரர்களிடமிருந்து 1967-இல் வாங்கிய மாளிகையில் ரோஜாச் செடியோடு உட்கார்ந்தார். பூச்சிமருந்து தெளிக்காத தோட்டம். அவர் போன பிறகு ரோஜா வளர்க்கும் மெயாங் நிறுவனம் ஓர் ஆரஞ்சு ரோஜாவுக்கு அவர் பெயரே வைத்தது.

திரும்பி வந்தது 1976-இல், க்ளோத் ஸிதியின் "லெல் ஊ லா குயிஸ்". இறக்கையா தொடையா என்று அர்த்தம். கூட நடித்தது நகைச்சுவை நடிகர் கொலுஷ். ஓட்டம் குறைவு, குதிப்பு குறைவு. கத்துவதையே நடிப்பாக வைத்திருந்தவர் என்றால் இங்கே கையும் களவுமாக மாட்டியிருக்கணும்.

கதையில் அவர் உணவக வழிகாட்டி நடத்துபவர், நாக்கில் ருசி செத்துவிட்டது. டிவியில் ஒரு ஒயினை அடையாளம் சொல்லணும். குடித்தால் பயனில்லை. கிண்ணத்தைத் தூக்குகிறார், வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கிறார், நிறத்தைப் பார்க்கிறார், மெதுவாகச் சாய்க்கிறார், அடியில் தங்கினதைப் பார்க்கிறார். பெயர், தோட்டம், வருஷம்: லெயோவில் லாஸ்காஸ், 1953. முகத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே அசையவில்லை. கண் மட்டும். எதிரே தொழிற்சாலைச் சாப்பாட்டு முதலாளியாக ழூலியன் கிமார் வியர்க்கிறார். இருபது வருஷம் முன்னால் நிலவறையில் இருந்த ழாம்பியே திரும்பி வந்து, இந்தத் தடவை எதிராளியைச் சின்னதாக்குகிறார்.

ரீல்பெட்டி · 12 பிப்ரவரி, இரவு 8.30

அப்படியானால் "லவார்"? 1980, மொலியேரின் "கஞ்சன்" நாடகம், ஹார்ப்பகோன் வேடம். ரொம்ப நாள் கனவு. நேரே சிகரம் என்று சொல்லப் போகிறீர்களா?

கடைசிவரிசை · 12 பிப்ரவரி, இரவு 10.00

இல்லை. ழான் ழிரோவோடு சேர்ந்து அவரே இயக்கினார், மொலியேரின் வசனத்தைக் குலைக்காமல். கஞ்சன் வேடம் அவருக்குத் தைத்த சட்டை. ஆனால் ஹார்ப்பகோனுக்கு மேலே யாரும் இல்லை. வீட்டில் எல்லாரும் அவனுக்குக் கீழே. மேலே பார்க்க ஆள் இல்லாததால் திரும்புகிற இடமே குறைவு. பணப்பெட்டி காணாமல் போன தனிப்பேச்சு நன்றாக இருக்கு, நடுவில் இழுக்குது. இயக்குநராக இருந்து குறுக்கே வெட்டவும் ஆள் இல்லை. அதே வருஷம் பிரெஞ்சு சினிமாவின் கௌரவ செசார் விருது, கையில் கொடுத்தது அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸ்.

கடைசிவரிசை · 13 பிப்ரவரி, காலை 6.45

ராத்திரி எழுதினதில் கொஞ்சம் அவசரம். ஹார்ப்பகோனுக்கு மேலே பணம் இருக்கு. பெட்டியிடம் குனிகிற அதே முதுகு, கலாப்ருவிடம் குனிந்த முதுகு. இழுக்குது என்றது மட்டும் மாறவில்லை.

டூரிங்டாக்கீஸ் · 18 பிப்ரவரி, இரவு 11.05

அகலப் பிரதி, பிரெஞ்சு ஒலி. ழாந்தார்ம் மறுபடி பார்த்தாச்சு. காலைப் பார்க்கச் சொன்னீர்கள், நான் கலாப்ருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றுமே செய்யாமல் நிற்கிறார், அதுக்கே சிரிப்பு வருது. முன்னாடி பார்த்த பிரதியில் அந்த ஆளே இல்லை. கன்னியாஸ்திரி கார் ஓட்டுகிற இடமும் முழுசாகப் புரிந்தது. ஆறையும் வரிசையாகப் பார்க்கலாமா?

கடைசிவரிசை · 19 பிப்ரவரி, காலை 7.10

1964, 1965, 1968 போதும். 1970 பரவாயில்லை. 1979-இல் வேற்றுக்கிரகவாசிகள் வருகிறார்கள். 1982 கடைசிப் படம், எடுக்கும்போதே இயக்குநர் ழிரோ இறந்து உதவியாளர் முடித்தது. அடுத்த ஜனவரி 27-இல் த ஃபுனெஸும் இல்லை. அதுக்கு முன்னால் "த்ராவெர்ஸே" பார்த்துவிடுங்கள். கறுப்பு வெள்ளை, அதிலும் வெட்டின பிரதி சுத்துது. பன்றியின் கத்தல் வெளியே கேட்காமல் இருக்கப் பூர்வில் அக்கார்டியன் வாசிக்கிற இடம் இருக்கான்னு பார்த்து எடுங்கள்.